தோட்டாவின் எண்ணும் நிலத்தின் எல்லையும்

(இரண்டாமாண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



துப்பாக்கி என்றதும் நமக்கு சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். கதாநாயகன் சுட்டால் வில்லன் பத்தடி தூரம் பறந்து போய் விழுவான். ஆனால் நம் இயந்திரவியல் பாடத்தில் படிக்கிற நிறை, வேகம், ஆற்றல், உராய்வு, திருகுப் பள்ளம் எல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்கிற இயந்திரம் அது. அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே பார்ப்போம். தூரத்தில் இருந்து பயிரைக் கெடுக்கிற விலங்கைச் சுட வேண்டுமானால் எந்த எண் துப்பாக்கி ஏற்றது என்பதுதான் கேள்வி. கேள்வி சிறியதுதான். பதில் நம்மை இயற்பியலில் இருந்து சட்டத்துக்கும், சட்டத்தில் இருந்து நம் ஊர்க் கடலைக் கொல்லைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் ஊரில் மோட்டார் ரிப்பேர் ஆனாலும், மனு எழுத வேண்டுமானாலும் "நீதான் படிக்கிற புள்ளையாச்சே, சொல்லுப்பா" என்று கேட்பார்கள். கல்லல் பக்கம் எங்கள் ஊரில் மானாவாரிக் கடலைதான் பிழைப்பு. ஆடிப்பட்டத்தில் விதைத்துக் காய் பிடிக்கிற சமயத்தில், கண்மாய்க்குள் இருக்கிற சீமைக்கருவேலப் புதரில் இருந்து பன்றிக் கூட்டம் இறங்கும். ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுதுபோட்ட மாதிரி ஆக்கிவிடும். பொறுக்க முடியாமல் சித்தப்பா ஒரு நாள் கேட்டார், "ஏம்ப்பா, தூரத்துல இருந்தே அடிக்கிற ரைபிள் இருக்காமே, எந்த நம்பர் வாங்கினா நல்லது?" அதற்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லத் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வளரி: நம் சீமையின் நெடுந்தூரக் கருவி

ரைபிளுக்குப் போகும் முன்னால் நம் மண்ணின் கருவி ஒன்றைச் சொல்லாமல் போனால் குற்றமாகும். சிவகங்கைச் சீமையிலும் புதுக்கோட்டையிலும் வளரி என்கிற வளைதடி இருந்தது. வைரம் பாய்ந்த மரத்திலோ இரும்பிலோ செய்த பிறை வடிவத் தடி. ஒரு முனை கனமாகவும் மறு முனை மெலிந்தும் இருக்கும். முயல், நரி போன்றவற்றை அடிக்க அதைச் சுழற்றி வீசினார்கள். போரிலும் அது ஆயுதம். கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சின்ன மருதுவிடம் தான் வளரி வீசக் கற்றுக்கொண்டதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கைதேர்ந்தவன் வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பதும் அவர் சொன்னதே. நூறு கஜம் என்றால் ஏறத்தாழ 91 மீட்டர்.

மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போருக்குப் பிறகு இந்தச் சீமை முழுவதும் மக்களிடம் இருந்த ஆயுதங்களைக் கம்பெனி ஆட்சி பறித்தது. வளரி மெல்ல மெல்ல மியூசியப் பொருளாகிப் போனது.

வளரியில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எறிந்தவனின் கண் எவ்வளவு தூரம் பார்க்குமோ அவ்வளவு தூரம்தான் அது போகும். குறி தப்பினாலும் கண்ணெதிரே விழும். ரைபிள் குண்டு அப்படியில்லை. கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அது போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எண் என்பது என்ன?

.22, .303, .315 என்று சொல்கிறோமே, அது என்ன? குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். .22 என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். .315 என்றால் 8 மில்லிமீட்டர்.

ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகுப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். நம் ஒர்க் ஷாப்பில் லேத்தில் மரை வெட்டுகிறோமே, அதுபோலத்தான். ஆனால் மரை மிகவும் நீண்ட புரியாக இருக்கும். சில குழல்களில் 12 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. அந்தப் பள்ளத்தில் இறுகிப் போகிற குண்டு பம்பரம் போலச் சுழன்றுகொண்டே வெளியே வரும். சுழல்வதால் தலைகீழாகப் புரளாமல் நேராகப் போகும். நொடிக்கு 985 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,94,000. நம் லேத் நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்று சுற்றினாலே நாம் ஒரு அடி தள்ளி நிற்கிறோம்!

பள்ளத்தின் அடியில் இருந்து அளந்தால் ஒரு விட்டம், மேட்டில் இருந்து அளந்தால் இன்னொரு விட்டம் வரும். அதனால் பெயரில் இருக்கிற எண்ணும் உண்மையான குண்டின் விட்டமும் பல சமயம் ஒத்துப் போவதில்லை. .303 ரைபிளின் குண்டு உண்மையில் .311 அங்குலம். .30-06 என்று ஒன்று உண்டு. அதில் 06 என்பது அளவே அல்ல. அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டு!

நாட்டுப்புறத்தில் அதிகம் புழங்கும் 12 போர் துப்பாக்கியின் கணக்கு வேறு மாதிரி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுதான் 12 போர் குழலின் விட்டம். ஒரு பவுண்டு 453.6 கிராம். பன்னிரண்டால் வகுத்தால் 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. கோளத்தின் கன அளவுச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், 18.5 மில்லிமீட்டர் வரும். எண் கூடக்கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போகும். 16 போர் 12 போரைவிடச் சிறியது. இதைக் கேட்டதும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "அப்ப பெரிய நம்பர்னா சின்னத் துப்பாக்கியா? இது என்னடா கூத்து!" என்று சிரித்தார்.

எண் பெரிதானால் பலம் பெரிதா?

ஊரில் எல்லோரும் நினைப்பது, எண்தான் பலம் என்று. அது சரியா என்று பார்ப்போம்.

ஓடுகிற பொருளின் ஆற்றல் என்ன? நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். முதலாமாண்டுப் பாடம்தான். இப்போது இரண்டு தோட்டாக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று பயிற்சிக்குப் பயன்படும் சாதாரண .22. இன்னொன்று .223. இரண்டின் குண்டும் ஏறக்குறைய ஒரே பருமன், 5.7 மில்லிமீட்டர். பெயரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது.

.22 குண்டின் எடை சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 330 மீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 140 ஜூல்.

.223 குண்டின் எடை சுமார் 3.6 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 985 மீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 1,730 ஜூல்.

விட்டம் ஒன்றே, ஆற்றல் பன்னிரண்டு மடங்கு! காரணம், குண்டுக்குப் பின்னால் இருக்கிற பித்தளைக் கூட்டில் அடைத்த மருந்தின் அளவு. வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு. குண்டும் கொஞ்சம் கனம் என்பதால் பன்னிரண்டு மடங்காகிறது. எனவே எண் குழலின் வாயை மட்டும் சொல்லும். வயிற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. குடத்தின் வாயைப் பார்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று சொல்ல முடியுமா?

இன்னும் இரண்டு அளவுகளையும் சேர்த்துக்கொள்வோம். திருவிழாவில் பலூன் சுடுகிறோமே, அந்த ஏர் ரைபிள் வகைக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வைத்திருக்கிற எல்லையே 20 ஜூல். மறுபக்கம், 9.7 கிராம் குண்டை 880 மீட்டர் வேகத்தில் தள்ளும் .30-06 ஏறத்தாழ 3,750 ஜூல். பலூன் துப்பாக்கியில் தொடங்கினால் கிட்டத்தட்ட 190 மடங்கு!

தூரம் போகப்போக என்ன ஆகிறது?

குழலை விட்டு வந்த கணமே குண்டு கீழே விழத் தொடங்கிவிடும். கையில் இருந்து நழுவிய கல் எந்தக் கணக்கில் விழுமோ அதே கணக்குத்தான். வேகமாகப் போகிற குண்டுக்குப் புவியீர்ப்பு சலுகை கொடுப்பதில்லை. எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறதோ அவ்வளவு விழும்.

காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், .22 குண்டு 100 மீட்டர் போக 0.30 நொடி ஆகும். அதற்குள் 45 சென்டிமீட்டர் விழுந்துவிடும். .223 குண்டு 300 மீட்டர் போகவும் அதே 0.30 நொடிதான் ஆகும். அதே 45 சென்டிமீட்டர்தான் விழும். ஒரு முழம்! ஆக, நெடுந்தூரத்துக்கு வேகம் ஏன் தேவை என்பது விளங்கிவிட்டது. குண்டின் பாதை தட்டையாக இருந்தால் தூரத்தைக் கொஞ்சம் கூடக் குறைய மதிப்பிட்டாலும் குறி தப்பாது.

ஆனால் காற்றை விட்டுவிட முடியுமா? பாடப் புத்தகச் சூத்திரப்படி .223 குண்டை 45 பாகை சாய்வில் சுட்டால் 99 கிலோமீட்டர் போக வேண்டும். காரைக்குடியில் சுட்டால் மதுரையைத் தாண்டி விழ வேண்டும்! உண்மையில் சில கிலோமீட்டர்தான் போகிறது. மீதி ஆற்றலைக் காற்று தின்றுவிடுகிறது.

இதை முதன்முதலில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தொங்கவிட்ட கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துக் குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். அதைப் பற்றிய அவரது நூல் 1742இல் வெளிவந்தது. அதுவரை அறிஞர்கள் நினைத்ததைவிடக் காற்றின் தடை பல மடங்கு பெரியது என்று அவர் நிரூபித்தார். அந்த மேதை கம்பெனியின் பொறியாளராக நம் தமிழ்நாட்டுக்கு வந்து, 1751இல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் ஆய்வுக்கூடத்தில் ஊசலைப் பார்க்கும்போது அவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டுக் காற்றுக்கு நம் களத்துமேட்டிலேயே பாடம் இருக்கிறது. நெல் தூற்றும்போது பார்த்திருப்பீர்கள். கனமான மணி காலடியில் விழும், பதர் காற்றோடு போய்த் தள்ளி விழும். குண்டுக்கும் அதேதான். பருமனுக்கு ஏற்ற கனம் உள்ள குண்டு காற்றுக்கு அசையாது. கனம் குறைந்த குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழந்து ஒதுங்கிப் போகும். நொடிக்கு 5 மீட்டர் பக்கக்காற்று வீசினால் 3.6 கிராம் .223 குண்டு 300 மீட்டரில் ஏறத்தாழ ஒரு முழம் விலகிவிடும். நம் ஊர் ஆடிக்காற்று அதைவிடச் சாதுவா? ஒரு முழம் விலகினால் நெஞ்சில் பட வேண்டியது குடலில் படும். அடிபட்ட பன்றி புதருக்குள் ஓடி நாலு நாள் துடித்துச் சாகும். இல்லையென்றால் காலையில் சுள்ளி பொறுக்கப் போகிற பெண்கள் மேல் பாயும்.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

தூரத்தில் இருந்து தொல்லை விலங்குகளைச் சுடுவதற்கென்றே தோட்டா வகைகளை வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே இந்த விலங்குகளை வார்மின்ட் என்பார்கள். பெரும்பாலும் வளை தோண்டி மேய்ச்சல் நிலத்தைக் கெடுக்கும் அணில் சாதிப் பிராணிகள், பிறகு ஓநாய்க்குச் சிறிய கயோட்டி. ஆளைப் பார்த்ததும் வளைக்குள் ஓடிவிடும் என்பதால் 200, 300 மீட்டரில் இருந்து சுட வேண்டியிருக்கிறது. அதற்காக 1935இல் .220 ஸ்விஃப்ட் வந்தது. 3.1 கிராம் குண்டு, நொடிக்கு 1,250 மீட்டர் வேகம். 1950இல் .222 ரெமிங்டன் வந்தது. அந்த வழியில் பிறந்ததுதான் மேலே பார்த்த .223. பிறகு கொஞ்சம் கனமான குண்டோடு 1955இல் .243 வின்செஸ்டர் வந்தது. காற்று அதிகமுள்ள இடத்துக்கு அது நல்லது என்பார்கள்.

இவற்றில் பலவற்றுக்கு ஏற்ற குண்டுகளை மெல்லிய தோலோடு செய்வார்கள். பட்டதும் சிதறிப் பொடியாகிவிடும். தரையில் பட்டாலும் எகிறாமல் உடைந்துபோகும் வாய்ப்பு அதிகம். எனவே அங்கே தேர்வு செய்யும் முறை இது: விலங்கு சிறியது, தூரம் அதிகம், பின்னால் மைல் கணக்கில் வீடில்லாத வெட்டவெளி. ஆகவே சிறிய விட்டம், கனமற்ற குண்டு, அதிக வேகம்.

அதே தேர்வை நம் பன்றிக்குப் பொருத்த முடியுமா? முடியாது. வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோ வரை இருக்கும். தோள்பட்டையில் தோலும் கொழுப்பும் கேடயம் போல இருக்கும். அணிலுக்குச் செய்த குண்டு மேல்தோலிலேயே சிதறி, கொல்லாமல் புண்ணாக்கும். பன்றிக்குக் கனமான, உடையாமல் ஆழமாக இறங்கும் குண்டு வேண்டும். நம் நாட்டு இசாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள் அந்த வகை. குண்டு ஏறத்தாழ 16 கிராம். ஆனால் கனமான குண்டு உடையாது. உடையாத குண்டு குறி தப்பினால் நிற்காது. இங்கேதான் விஷயம் திரும்புகிறது.

குண்டு எங்கே போய் நிற்கும்?

துப்பாக்கி வாங்க நினைப்பவர் எல்லோரும் "இது எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி, "தப்பினால் எவ்வளவு தூரம் போகும்?" என்பது.

பயிற்சிக்குரிய சிறிய .22 தோட்டாப் பெட்டியிலேயே ஒரு மைலுக்கு மேல் ஆபத்து என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். பெரிய ரைபிள் குண்டுகள் மூன்று, நான்கு கிலோமீட்டரையும் தாண்டும். நம் பக்கம் ஊருக்கு ஊர் இரண்டு மூன்று கிலோமீட்டர்தானே! நடுவில் மலையும் கிடையாது, குன்றும் கிடையாது. பொட்டல், செம்மண், பனைமரம், கண்மாய். சிறு வயதில் கண்மாய்த் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லை எறிந்து தத்தித் தத்திப் போகவிட்டிருக்கிறோம் அல்லவா? தாழ்ந்த கோணத்தில் போகிற குண்டும் தண்ணீரில் பட்டால் அதே மாதிரி தத்தும். செம்புராங்கல் பாறையில் பட்டாலும் எகிறும். எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் 12 போர் வேறு சாதி. அதன் குழலில் திருகுப் பள்ளம் இல்லை. உள்ளே ஒரே குண்டு இல்லாமல் பல உருண்டைகள் இருக்கும். உருண்டை காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். ஜூர்னே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு எளிய கணக்கு கொடுத்திருக்கிறார். உருண்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200ஆல் பெருக்கினால் அது அதிகபட்சம் போகும் தூரம் கஜத்தில் கிடைக்கும். பறவைக்குப் போடும் 2.6 மில்லிமீட்டர் உருண்டை 200 மீட்டரைச் சற்றுத் தாண்டும். பெரிய விலங்குக்குப் போடும் 8 மில்லிமீட்டர் உருண்டை 600 மீட்டருக்கு மேல் போகும். பயன் தரும் தூரமோ முப்பது நாற்பது மீட்டர்தான். இதுவும் விளையாட்டுப் பொருள் இல்லை. ஆனால் ஆபத்தின் எல்லை ரைபிளோடு ஒப்பிட்டால் மிகவும் குறுகியது.

சட்டம் செய்தவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள் போலும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு என்று சொல்லும்போது, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் குறிப்பிடுகிறது. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் என்று சொல்லும்போது, பள்ளம் இல்லாத குழல் துப்பாக்கியைக் குறிப்பிடுகிறது. விவசாயிக்கு நெடுந்தூர ரைபிளை அந்தப் பிரிவு கையில் எடுத்துக் கொடுக்கவில்லை. .303, 7.62 போன்ற ராணுவத் தோட்டாத் துப்பாக்கிகள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. அதனால்தான் .315 என்று தனி அளவே நம் நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது.

லைசென்ஸ் இருந்தால் சுடலாமா?

லைசென்ஸ் என்பது துப்பாக்கி வைத்திருக்க அனுமதி. விலங்கைச் சுட அனுமதி இல்லை. இது இரண்டும் வேறு வேறு என்று பலருக்குத் தெரிவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குதான். மயில் நம் தேசியப் பறவை. அது முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. முன்பு காகம், எலி, பழந்தின்னி வௌவால் போன்றவற்றைத் தொல்லை விலங்கு என்று தனி அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த அட்டவணையே நீக்கப்பட்டது. இனி மத்திய அரசு 62ஆம் பிரிவின்படி ஒரு பகுதிக்கும் ஒரு காலத்துக்கும் என்று அறிவித்தால்தான் ஒரு விலங்கு தொல்லை விலங்காகும். பீகாரில் நீல்காய் மானுக்கும், உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கும், இமாச்சலில் குரங்குக்கும் 2015, 2016 ஆண்டுகளில் அப்படி அறிவித்தார்கள். கேரளம் 2022இல் வேறு வழி எடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியலைத் தயார் செய்தது.

நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றில் இருந்து மூன்று கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழித்தால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல.

சித்தப்பாவுக்குச் சொன்ன பதில்

இத்தனையையும் சொன்னதும் சித்தப்பா கேட்டார், "அப்ப பன்றி தின்னுட்டுப் போகட்டுங்கிறியா?" நியாயமான கேள்வி. விதைக்கடலை கடன், உழவுக் கூலி கடன், களை எடுத்த கூலி பாக்கி. இதையெல்லாம் பன்றி தின்றுவிட்டுப் போனால், சட்டப் பிரிவைச் சொல்லி அடுப்பில் உலை வைக்க முடியாது. என் கல்லூரிச் செலவும் அந்தக் கொல்லையில் இருந்துதான் வர வேண்டும்.

நான் சொன்னது இதுதான். "சித்தப்பா, பன்றி வர்றது ராத்திரி பன்னெண்டு மணிக்கு. அந்த நேரத்துல நம்ம கொல்லைக்குப் பின்னாடி என்ன இருக்கு? பக்கத்துக் கொல்லையில அப்பா பரண் போட்டுப் படுத்திருக்காரு. அதுக்கு அங்கிட்டு மாமா படுத்திருக்காரு. கண்மாய்க் கரை ஓரமா இன்னும் பத்துப் பதினஞ்சு பேரு தகரம் தட்டிக்கிட்டு முழிச்சிருக்காங்க. டார்ச் லைட்டுல பன்றியோட கண்ணு தெரியும். பரண்ல படுத்திருக்கிற மனுஷன் தெரிவானா?"

அவர் பதில் பேசவில்லை. 300 மீட்டரில் குண்டு ஒரு முழம் இறங்கும், ஒரு முழம் ஒதுங்கும் என்பதை நான் தரையில் குச்சியால் போட்டுக் காட்டினேன். அந்தக் கோட்டின் நுனியில் எங்கள் அப்பாவின் பரண் இருந்தது.

ரைபிள் கிடைக்காதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள் என்பதும் உண்மை. தீனிக்குள் நாட்டுவெடி வைக்கிறார்கள். ஆடும் மாடும் வாய் கிழிந்து போகின்றன. மின்கம்பத்தில் கொக்கி போட்டு வேலியில் கரண்ட் விடுகிறார்கள். பன்றி சாகிறதோ இல்லையோ, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆள் செத்துப் போகிறார். சோலார் வேலியில் அப்படி நடப்பதில்லை. அதில் மின்சாரம் ஒரு நொடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, துடிப்பாக வந்து போகும். வலிக்கும், விரட்டும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளாது. கம்பத்தில் இருந்து நேரே எடுத்த 230 வோல்ட் விடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒவ்வொரு ஊரிலும் மின்னியல் படிக்கும் ஒரு மாணவர் இருந்தால் போதும், சில உயிர்கள் தப்பும்.

எங்கள் ஊரில் இப்போது கூடிச் செய்வது மூன்று காரியம். கொல்லையை ஒட்டிய கருவேலப் புதரை இருபதடிக்கு வெட்டி ஒதுக்குவது. பன்றி பகலில் மறைந்திருக்க இடம் இருக்காது. பழைய சேலைகளைக் கொல்லை சுற்றிக் கட்டி, முறை வைத்துக் காவல் இருப்பது. சேதமான அன்றே போட்டோ எடுத்து, சர்வே நம்பரோடு வனத்துறைக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் மனு கொடுப்பது. மனு எழுதுவது என் வேலை. இதனால் பன்றி அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வருகிறது; குறைவாக வருகிறது. துப்பாக்கி பற்றிய பேச்சு மட்டும் நின்றுபோனது.

நம் மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. ஒரு ஊரே சேர்ந்து முடிவெடுத்தால் எதைத்தான் செய்ய முடியாது?

முடிவாக

துப்பாக்கி எண் பற்றி யாராவது உங்களிடம் கேட்டால், வரிசையாக ஐந்து கேள்வி கேளுங்கள். விலங்கு எது, அதன் எடை என்ன? அதைச் சுட யாருக்கு அனுமதி? தூரம் எவ்வளவு, காற்று எப்படி? குண்டு பட்டால் நிற்குமா, ஊடுருவிப் போகுமா? தப்பினால் அதைத் தாங்க மண்கரை இருக்கிறதா, அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் முதல் நான்கும் வீண். அமெரிக்கப் புல்வெளியில் .223 சரியான விடை. நம் வனத்துறைக்காரர், கண்மாய்க் கரையைப் பின்னணியாக வைத்து முப்பது மீட்டரில் நின்று சுட்டால் 12 போரோ .315ஓ சரியான விடை. நள்ளிரவில், நாலு பக்கமும் ஆட்கள் படுத்திருக்கிற கடலைக் கொல்லையில் எந்த எண்ணும் சரியான விடை இல்லை.

தோழர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். ஊர் நம்மிடம் கேட்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுச் சொல்வோம். அந்தத் தாளில் நம் கொல்லையையும், பக்கத்துக் கொல்லையையும் சேர்த்தே வரைவோம்.